அப்பாவுக்காக இறக்கிய கொடி

1

அயர்லாந்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் இந்தியக் குடும்பங்கள் கொஞ்சம்தான். பாதிப் பேர் நர்ஸுகள். மீதிப் பேர் நர்ஸுகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆகஸ்ட் வந்தால் சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்துச் சுதந்திர தினம் கொண்டாடுவோம். கொடி, பாட்டு, பிள்ளைகளின் டான்ஸ், பிறகு பிரியாணி. இந்த முறை கொடியேற்றச் சொல்லி சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டார்.

"சேச்சியல்லே இவிடத்தெ சீனியர். சேச்சி வந்நு கயறு வலிச்சா மதி" என்றார். இங்கே மூத்தவள் நான்தானாம், நான் வந்து கயிற்றை இழுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

முடியாது என்றேன். அவர் விளையாட்டுக்கு, பாஸ்போர்ட் மாறியதும் கொடியும் மாறிப்போச்சா என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மார்த்தாண்டத்துக்காரர், என்னைவிடப் பொறுமைசாலி. "அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? அவரு மரியாதைக்குத்தான் கூப்பிட்டாரு" என்றார். மரியாதைக்குத்தான். அதுதான் எனக்குப் பயம். ஒரு கொடிக்கயிற்றை மரியாதைக்காகத் தொட்டதில் என் தம்பிக்கு இரண்டு வருடம் போய்விட்டது. ஜெயிலுக்குப் போவானா, இங்கே வேலைக்கு வருவானா என்று தெரியாமல் ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எழுதாமல் இந்த ஆகஸ்டைத் தாண்ட முடியாது போலிருக்கிறது.

2

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கத்தில், பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அப்பா பெயர் தாசய்யன். ஊரில் மைக் செட் தாசய்யன் என்றால்தான் தெரியும். கல்யாணம், ஜெபக் கன்வென்ஷன், கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். சாதி மதம் கட்சி எதுவும் ஆம்ப்ளிஃபயருக்குக் கிடையாது என்பார். பாட்டுப் பிடிக்காவிட்டால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவார், அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

சுதந்திர தினத்துக்கு மட்டும் அவர் வாடகை வாங்கமாட்டார். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கிளப் உண்டு. கேரம் போர்டு, செய்தித்தாள், ஓணத்துக்கு வடம்வலி என்கிற கயிறிழுக்கும் போட்டி, இவ்வளவுதான் அந்தக் கிளப். அதை ஆரம்பித்தவர்களில் அப்பாவும் ஒருவர். கொடியேறும்போது தேசிய கீதத்தைப் போடுவது அவர். எல்லாரும் கை இரண்டையும் தொடையோடு ஒட்டி விறைப்பாக நிற்க, அவர் ஒருவர் மட்டும் ஒரு கையை வால்யூம் திருகில் வைத்துக்கொண்டு நிற்பார். மற்றக் கை ஒழுங்காகத் தொடையோடு இருக்கும். கடைசி 'ஜய ஹே' இரைச்சலில்லாமல் முடிய வேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருக்கும். என் கூட்டுக்காரிகள், உங்க அப்பா மட்டும் பாதி அட்டென்ஷன் என்று கேலி செய்வார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மெம்பர் யாராவது இறந்தால் கிளப்பின் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள், கேட்டில் கறுப்புத் துணி கட்டுவார்கள். கட்சி ஆபீஸ்களில் செய்வதைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர் செத்தாலும், ரிட்டயர்டு வாத்தியார் செத்தாலும் ஒரே உயரத்துக்குத்தான் இறக்குவார்கள். கொடி இறங்கியிருக்கிறதைப் பார்த்தால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட, யாராக்கும் என்று கேட்பார்கள். சாவுச் செய்தி ஊருக்குள் பரவுவது அப்படித்தான்.

3

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் பதினைந்து. காலையில் கிளப்பில் கொடியேறியது. அப்பாதான் கீதம் போட்டார். பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. இங்கே விடிந்துகொண்டிருந்தது. தம்பி ஷிபு போனில், "அக்கா, அப்பா போயாச்சு" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன்.

முதியோர் இல்லத்தில் என் மேனேஜருக்குப் போன் செய்து லீவு கேட்டேன். பதற்றத்தில் நம்மூர் இங்கிலீஷ் வந்துவிட்டது. மை ஃபாதர் எக்ஸ்பயர்டு என்றேன். அந்தப் பெண், அப்பாவின் விசாவா, எப்போது முடிந்தது என்று கேட்டாள். செத்துப்போனார் என்று பச்சையாகச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பாவம், அவள் அழுதுவிட்டாள். நான் அப்போதும் அழவில்லை.

உண்மையில் முடிந்துபோயிருந்தது ஊருக்குப் போக எனக்கிருந்த வழிதான். அந்த வருடம்தான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருந்தேன். வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பித்தது வரவில்லை. விசா இல்லாமல் நான் பிறந்த வீட்டுக்குப் போக முடியாது. தூதரகத்தின் அவசர எண்ணில் கூப்பிட்டேன். சுதந்திர தின விடுமுறை என்று பதிவு செய்த குரல் சொன்னது. பிறகு ஒரு அதிகாரி எடுத்தார், அன்பாகத்தான் பேசினார். இறப்புச் சான்று அனுப்புங்கள், நாளை காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன் என்றார். செத்த அன்றே யார் சான்று கொடுப்பார்கள்? மறுநாள் மத்தியானம் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள வசதியில்லை, மழை வேறு.

அதனால் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு என் அப்பாவைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா போனைக் கையில் வாங்கி, தள்ளாடியபடி முற்றத்துக்கு வந்து, கிளப் பக்கம் திருப்பினாள். படம் ஆடியது. சாம்பல் வானம், தென்னை ஓலை, பிறகு கம்பம். கம்பத்தின் பாதியில் கொடி. மூவர்ணக் கொடி.

"பாத்தியா மக்கா. உனக்க அப்பாக்கு நாட்டுக் கொடியே பாதிக்குத் தாத்தியிருக்கு. பெரிய மந்திரிமாருக்குச் செய்யுததாக்கும். மைக் செட்டுக்காரன்மாரில ஆருக்குக் கிடைக்கும்?"

அன்றைக்கு அவள் அழுகைக்கு நடுவே சொன்ன ஒரே ஆறுதல் வார்த்தை அது. வந்தவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, பெருமையாகவே இருந்தது.

4

நடந்தது இதுதான். கிளப்புக்கு இருப்பது ஒரே கம்பம். அன்று காலையில் கிளப்பின் கொடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத் தேசியக் கொடியை ஏற்றியிருந்தார்கள். அப்பா இறந்ததும் கிளப் பையன்கள் கேட்டில் கறுப்புத் துணி கட்டிவிட்டு, செகரட்டரியான ஷிபுவிடம் வந்து நின்றார்கள். அவன் சாவு வீட்டில் வெறுங்காலோடு நிற்கிறான்.

"எலே ஷிபு, நம்ம கொடி உள்ள இருக்கு. கம்பத்தில நாட்டுக் கொடியாக்கும். இப்பம் எப்பிடிச் செய்ய?"

"எல்லாருக்கும் செய்யுதது அப்பாக்கும் செய்யண்டாமா? வா, நானே செய்யேன்" என்று போயிருக்கிறான். டிவியில் பெரிய தலைவர் ஒருவர் இறந்தபோது பார்த்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. முதலில் கொடியை உச்சிவரை இழுத்து நிறுத்தி, பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்கினான். முறையெல்லாம் சரி. அந்த முறையைச் செய்யச் சொல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டும்தான் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. வேறு யாருக்காக இறக்கினாலும் அது கொடிக்குச் செய்யும் அவமதிப்பு. மூன்று வருடம் வரை சிறை.

ரோட்டில் போன யாரோ ஒருவன் போட்டோ எடுத்திருக்கிறான். சுதந்திர தினத்தில் கேட்டில் கறுப்புத் துணி, பாதியில் தேசியக் கொடி. போதாதா? பாறசாலையில் கறுப்புக்கொடிப் போராட்டம் என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. சாவு என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் பேசும் மொழியை இழுத்தார்கள், போகும் வேதக்கோவிலை இழுத்தார்கள். எல்லைக்காரனுகளுக்கு நாடேது என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்கு நூற்றுக்கணக்கில் கை தட்டல். இங்கே என் கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளி நர்ஸ் அந்தப் படத்தை, உங்க ஊர்தானே சேச்சி என்று எனக்கே அனுப்பினாள். அது என் அப்பாவின் சாவு என்று நான் அவளுக்குப் பதில் எழுதினேன். அவள் அதன்பின் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

மறுநாள் போலீஸ் வந்தது. எஸ்.ஐ. மோசமானவர் இல்லை. அடக்கம் முடியட்டும் என்று ஜீப்பைத் தள்ளி நிறுத்திக் காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, புகார் வந்துவிட்டது, பதியாமல் விட்டால் என் வேலை போகும் என்றார். யார் இறக்கியது என்று கேட்டார். ஷிபு, "நானாக்கும் சார்" என்றான். கூட நின்ற பையன்கள் யார் என்று கேட்டதற்கு, எனக்கு ஓர்மையில்லை என்றுவிட்டான்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தமிழ்நாட்டுப் பக்கத்து ஆள். ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, "எலே, கம்பம் கொஞ்சம் அந்தப் பக்கம் நட்டிருந்தா எங்க ஸ்டேஷனாக்கும். எனக்கு அங்க ஆள் உண்டு" என்றாராம். அந்த நேரத்திலும் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் மாமா என்று ஷிபு சொல்லியிருக்கிறான்.

5

அப்போது ஷிபுவுக்கு இங்கே பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் வேலை உறுதியாகியிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் சொற்பச் சம்பளத்துக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவன். நான்தான் அலைந்து திரிந்து அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தேன். போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. இப்போது அவன் பெயரில் வழக்கு. எந்த வழக்கு என்று இங்கே கேட்டார்கள். தேசியக் கொடியை அவமதித்த வழக்கு என்று நான் எழுதிக் கொடுத்தேன். கூடவே முழுக் கதையையும் எழுதினேன். வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த இடத்தில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள்.

எனக்குச் சட்டத்தோடு சண்டையில்லை. ஆளாளுக்கு அவரவர் அப்பாவுக்காக இறக்க ஆரம்பித்தால் கொடி மேலே இருக்க ஒரு நாள் கிடைக்காது. அது புரிகிறது. செய்யக்கூடாது தம்பி, ஏற்று என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே ஏற்றியிருப்பான். போட்டோ எடுத்தவனுக்குக் கம்பம் வரை நடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன குளிர்காலத்தில் நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு முதியவர் இறந்தார். வாலிபத்தில் உள்ளூர் விளையாட்டுக் கழகத்துக்காகப் பந்தாடியவர். அன்று அந்தக் கழக மைதானத்தில் கழகக் கொடியையும் பக்கத்திலிருந்த நாட்டுக் கொடியையும் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ் கார் வந்தது. எனக்குப் பகீரென்றது. அதில் இருந்தவர் வேகத்தைக் குறைத்து, தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்து, பிறகு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழவர் மேல் எனக்கு வந்தது பொறாமை. நானே குளிப்பாட்டி உடை மாற்றிவிட்ட மனிதர் மேல் பொறாமை.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷிபு லேபில் லீவு கேட்டுப் பேச்சு வாங்கினான். அம்மாவும் கூடவே போவாள். வக்கீல் அதியன்னூர்க்காரர், வயதில் இளையவர், சமர்த்தர். இந்த வருடம் சாட்சி விசாரணை தொடங்கும் முன்னால் அவர் வழி சொன்னார். இறக்குவதை நேரில் பார்த்த சாட்சி என்று போலீஸிடம் யாரும் இல்லை. இருப்பது போட்டோ மட்டும். போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. ஆகவே இப்படிச் சொல்ல வேண்டும்: கம்பத்தில் கயிறு ஓடும் கப்பி பழசு, மழையில் கயிறு இளகிக் கொடி தானாக இறங்கிவிட்டது. சாவு வீட்டு அமளியில் யாரும் கவனிக்கவில்லை. கேட்டில் கட்டிய கறுப்புத் துணிதான் தாசய்யனுக்கு. கொடி யாருக்கும் இல்லை.

ஷிபு ஒத்துக்கொள்ளவில்லை. அன்று எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நான் அவமானப்படுத்தணும்னு செய்யல்லன்னு சொல்லுதேன். அப்பாக்க மரியாதைக்குச் செய்தேன், தெரியாம செய்தேன்னு சொல்லுதேன். ஜட்ஜும் மனுசந்தானே?"

"வக்கீல் என்ன சொல்லுதாரு?"

"அப்பிடிச் சொன்னா செய்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரியாம். விடலாம், விடாமலும் இருக்கலாமாம். மேல் கோர்ட்டு வரைக்கும் போனா அஞ்சாறு வருசம் ஆவுமாம்."

அவனுக்கு வயது முப்பதாகிறது. அஞ்சாறு வருடம் கழித்து இங்கே யார் கூப்பிடுவார்கள்? நான் அதைச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனே வைத்துவிட்டான்.

6

இந்த வருட விழா போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை, ஆனால் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். ஒரு புது நர்ஸ் பெண் கொடியேற்றினாள். உள்ளே மடித்து வைத்த பூ உதிர்ந்தது. கீதம் யாருடைய போனிலிருந்தோ ஒலித்தது, கடைசியில் கரகரத்தது. தலைவர் என்னிடம் வந்து, வீட்டுக்காரர் எல்லாம் சொன்னார், மன்னிக்கணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேச்சை அன்று சுருக்கமாக முடித்தது எனக்காக இருக்கலாம்.

காரில் வரும்போது என் மகள் ஆஷ்லி கேட்டாள், ஏன் உன் கொடியை நீ ஏற்றவில்லை என்று. உன் கொடி என்கிறாள். பன்னிரண்டு வயது, இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தாத்தாவை அவளுக்குப் போனில்தான் தெரியும். அவளிடம் கதையைச் சொன்னேன். தாத்தா, மைக், கம்பம், ஷிபு மாமாவின் வழக்கு எல்லாம். அவள், தாத்தாவுக்கு நல்லதுதானே செய்தார்கள், அதில் யாருக்கு வலித்தது என்று கேட்டாள். பிறகு, கடைசியில் மாமா ஜெயித்தாரா என்றாள். ஜெயித்தார் என்றேன். அவள் சந்தோஷமாகப் பாட்டுக் கேட்கப் போய்விட்டாள். ஜெயித்த விதத்தை அவளிடம் சொல்லவில்லை.

7

ஜூன் மாதம், நெய்யாற்றின்கரை கோர்ட்டு. குற்றம் சாட்டப்பட்டவனிடம் நீதிபதி நேராகக் கேள்வி கேட்கும் நாள். முந்தின நாள் அம்மா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது, அவனே பிற்பாடு சொன்னான்.

"பிரதிக் கூண்டில நிக்குதவன்கிட்ட பைபிளத் தொட்டுச் சத்தியம் வாங்கமாட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு மக்கா. அப்பம் அது பாவத்தில சேராது. நீ சொல்லு. எனக்க முன்னால ஒருக்கா சொல்லிப் பாரு."

அவன் மாட்டேன் என்றிருக்கிறான். நீங்க தானே ஊரு முழுக்கச் சொன்னீங்க, அப்பாக்குக் கொடி தாத்தினாங்கன்னு.

"சொன்னேன். இனி சொல்லமாட்டேன். செத்தவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு. நீ அக்கா கிட்டப் போணும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவனைச் சொல்லவைத்தே விட்டிருக்கிறாள்.

கோர்ட்டில் அவன் பேர் கூப்பிட்டார்கள். அவன் கூண்டில் ஏறி நின்றான். நீதிபதி பெண். ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், கடைசியில் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி மலையாளத்தில் கேட்டாராம்: அன்று உங்கள் அப்பா இறந்ததற்காகத்தான் அந்தக் கொடியை இறக்கினீர்கள் என்று சொல்கிறார்கள். அப்படித்தானா?

"இல்லன்னு சொன்னேன் அக்கா. கப்பி இளகிப் போச்சுன்னேன். அது ஆருக்கும் இல்லன்னேன்."

அழுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான்.

அம்மா பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். சொல்லி முடித்ததும் அவனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தான் சொல்லிக்கொடுத்த மனப்பாட வசனத்தைப் பிள்ளை தப்பில்லாமல் சொன்னால் எப்படி ஆட்டுவாளோ, அப்படித் தலையை ஆட்டினாளாம்.